காணாத வலியும் நம்பாத மனமும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது பழமொழி. காய்ச்சலையாவது வெப்பமானி காட்டிவிடும். ஒடிந்த எலும்பை எக்ஸ்ரே காட்டிவிடும். எந்தக் கருவியும் காட்டாத வலியை நாம் நம்புவோமா? நம்பத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

பைப்ரோமயால்ஜியா அத்தகைய நோய். கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, கால் என உடலெங்கும் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி. இரவு முழுதும் உறங்கியும் தீராத அயர்ச்சி. படித்தது மனத்தில் நிற்காத மந்தம் ஆகியவை இதன் அடையாளங்கள். இது பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. நடுத்தர வயதில் அதிகம் காணப்பட்டாலும் பள்ளி மாணவியருக்கும் வருவதுண்டு. மூட்டுகளில் வீக்கம் இராது. இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையும் கிடையாது.

"அப்படியானால் எல்லாம் மனப்பிரமைதானே?" என்று கேட்போர் பலர். அன்று. நரம்புகள் கொண்டுவரும் செய்தியை வலியாக உணர்வது மூளை. இந்நோயில் மூளையும் தண்டுவடமும் அச்செய்தியை ஒலிபெருக்கி போலப் பெருக்கிவிடுகின்றன. 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயாளிகளின் கட்டைவிரலை இலேசாக அழுத்தி மூளையைப் படம் பிடித்தார்கள். நலமுள்ளவர்களின் விரலை மிகப் பலமாக அழுத்தும்போது எழும் மாறுதல்களை ஒத்தவையே அவர்கள் மூளையில் எழுந்தன. இதை நடிப்பு என்று எப்படிச் சொல்வது?

மருத்துவ உலகமே இதை உணர நெடுங்காலம் ஆயிற்று. 1904இல் ஆங்கிலேய மருத்துவர் கவர்ஸ், இது தசைநாரின் அழற்சி என்று கருதி ஒரு பெயர் சூட்டினார். அழற்சி எதுவும் காணப்படாததால், 1976இல் இன்றைய பெயர் வந்தது. நோயை அறிவதற்கான வரையறைகளை அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் 1990இல் வகுத்து, 2010இல் திருத்தியது.

"இப்படிச் சலுகை காட்டினால் எல்லாரும் வலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்களே!" என்பது பெரியோர் சிலரின் அச்சம். பொய் சொல்லும் ஒருத்தியை நம்பினால் நமக்கு ஒரு பாடவேளைதான் நட்டம். உண்மையில் துன்புறும் ஒருத்தியை நம்பாவிட்டாலோ, அவள் வலியோடு அவமானத்தையும் சுமக்கிறாள், வலியை மறைக்கப் பழகுகிறாள், சிகிச்சை தள்ளிப்போகிறது. எது பெரிய நட்டம்?

நம்புவது என்றால் கட்டிலில் படுக்க வைப்பது என்று பொருளன்று. 2016இல் ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்கள் வெளியிட்ட பரிந்துரைகளில், சிகிச்சை முறைகளுள் வலுவான ஆதரவு பெற்றது உடற்பயிற்சி ஒன்றே. ஆனால் அதைச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். முதலில் பத்து நிமிட நடை, பின்னர் சற்று அதிகம். வலி குறைந்த நாளில் ஒரு வாரத் துணியையும் துவைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பது, இந்நோயாளிகள் பலரும் அகப்படும் கண்ணி. நல்ல நாளிலும் அளவோடு உழைப்பதும், வேலைகளுக்கிடையே இளைப்பாறுவதும், குறித்த நேரத்தில் உறங்குவதும் மருந்துக்கு நிகரானவை. தைராய்டு போன்ற வேறு காரணங்கள் உண்டா என்று மருத்துவர் முதலில் பார்ப்பார். தேவையானால் நரம்புகளின் வலியுணர்வைத் தணிக்கும் மருந்து தருவார். அது சிலருக்கு ஓரளவு உதவும். கடையில் தாமே வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரையால் பயன் சிறிது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு பெரிது.

பெற்றோரே, இங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். "அளவோடு உழையுங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிடலாம். விடியுமுன் எழுந்து சமைத்து, துலக்கி, துவைத்து, எல்லாரும் உண்டபின் உண்ணும் தாய் அதை எப்படிக் கடைப்பிடிப்பாள்? அவளுடைய வேலையில் பாதியைப் பிறர் ஏற்றாலன்றி அந்த அறிவுரை வெறும் காகிதமே. தண்ணீர்க் குடத்தைத் தூக்க மகளை மட்டும் அழைக்காமல் மகனையும் அழையுங்கள். அந்த வீட்டில் சிகிச்சை அடுப்படியில்தான் தொடங்குகிறது.

ஆண்டுதோறும் மே 12 இந்நோய்க்கான விழிப்புணர்வு நாள். அது பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். கிரிமியப் போரிலிருந்து 1856இல் திரும்பிய அவர், பின்னர் பல ஆண்டுகள் நோயால் படுக்கையில் இருந்தார். அந்நோய் எது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அறையிலிருந்தபடியே எழுதினார். 1860இல் இலண்டனில் அவர் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. படுத்திருப்பவரெல்லாம் சோம்பேறிகள் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அன்புத் தோழியரே! உடற்பயிற்சி வேளையில் ஒருத்தி ஓரமாக உட்கார்ந்தால், "சாக்குச் சொல்கிறாள்" என்று சிரிக்காதீர்கள். அவளுடைய புத்தகப் பையை மாடி வரை எடுத்துச் செல்லுங்கள். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், "நேற்று நன்றாகத்தானே இருந்தீர்கள்?" என்று கேளாமல், "நான் என்ன செய்யட்டும், அம்மா?" என்று கேளுங்கள். வலியைப் போக்க நம்மால் இயலாது போகலாம்; நம்பாமையால் விளையும் வலியைப் போக்க நம் எல்லாராலும் இயலும்.