தமாஷா மேடையின் வரலாற்றை யார் எழுதுவது?

அமெரிக்காவின் மெக்ஆர்தர் நல்கை 2024 அக்டோபரில் பேராசிரியர் ஷைலஜா பைக்குக்கு அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 8 லட்சம் டாலர். இதைப் பெறும் முதல் தலித் அறிஞர் என்று அவரைப் பாராட்டினோம். அதோடு நின்றுவிடக் கூடாது. அவர் எதை ஆராய்ந்தார், அந்த ஆய்வுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

புணே நகரின் எரவாடா குடிசைப் பகுதியில், ஓர் அறை வீட்டில், மூன்று சகோதரிகளோடு வளர்ந்தவர் பைக். வீட்டில் குழாய்த் தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. புணே பல்கலைக்கழகத்தில் 1996-ல் முதுகலை முடித்தார். ஃபோர்டு அறக்கட்டளையின் உதவித்தொகை வெளிநாட்டுக் கதவைத் திறந்தது. இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் 2007-ல் முனைவர் பட்டம் பெற்றார். 2010 முதல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். மகளிரியல் துறையோடும் இணைந்து பணியாற்றுகிறார். தலித் பெண்களின் கல்வி பற்றிய முதல் நூல் 2014-ல் வந்தது.

2022-ல் வந்த இரண்டாவது நூல் தமாஷா பற்றியது. பாட்டும் ஆட்டமும் கேலிப் பேச்சும் கலந்த மராட்டியக் கூத்து அது. ஆடும் பெண்கள் பெரும்பாலும் தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். இரவில் கூட்டம் கூட்டமாக வந்து ரசித்த ஊர், பகலில் அவர்களை ‘ஆபாசம்’ என்று ஒதுக்கியது. ஆபாசம் ஆட்டத்தில் இருக்கிறதா, ஆடுபவரின் சாதியைப் பார்த்து ஒட்டப்பட்டதா? பைக்கின் கேள்வி இதுதான்.

பவளாபாய் என்ற மகார் சமூகப் பெண்ணின் பெயரைக் கேட்டுத்தான் ஒருகாலத்தில் கூட்டம் திரண்டது. அவரோடு மேடையேறிய பிராமணக் கவிஞர் பட்டே பாபுராவ் பெரும் கலைஞராகக் கொண்டாடப்பட்டார். பவளாபாய் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார். இப்படிப்பட்ட பெண்களைப் பற்றி ஆவணக் காப்பகங்களில் அதிகம் கிடைக்காது. பைக் கலைஞர்களைத் தேடிப்போய்ப் பேசி எழுதினார்.

சங்கடமான கேள்வியையும் அவர் தவிர்க்கவில்லை. இழிவாகக் கருதப்படும் வாழ்க்கையை விட்டு வெளியே வாருங்கள் என்று காமாட்டிபுரா பெண்களிடம் 1936-ல் அண்ணல் அம்பேத்கர் சொன்னார். மனித மாண்புக்கான அழைப்பு அது. ஆனால் ஆட்டத்தையே நம்பிப் பிழைத்த பெண்களுக்கு அந்த மாண்பு எளிதில் எட்டியதா? அம்பேத்கரின் வழியில் நின்றே இதைக் கேட்கிறார் பைக்.

இனி நம் மாணவர்களுக்கு வருவோம். பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள் உள்ளிட்டோரின் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க ஒன்றிய அரசு ஆண்டுக்கு 125 பேருக்குத் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவி கிடையாது என்று 2022-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். எரவாடாவிலிருந்து இன்னொரு பெண் தமாஷாவை ஆராய இந்த உதவியைக் கேட்டால், விதியைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடலாம்.

இந்திய வரலாற்றை இந்தியாவிலேயே படிக்கலாமே என்பது அரசுத் தரப்பின் வாதம். படிக்கலாம். ஆனால் காலனிய ஆட்சியின் ஆவணங்கள் பல லண்டனில் இருக்கின்றன. சாதி பார்க்கும் நெறியாளரிடமிருந்து தப்பிக்கவும் பலருக்கு அந்தத் தூரம் தேவைப்படுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சொந்தப் பணத்தில் போய் எந்தத் தலைப்பையும் எடுக்கலாம். ஏழை தலித் மாணவர் மட்டும் தன் சமூகத்தின் வரலாற்றைத் தொடக் கூடாதா?

அந்த விதி நீக்கப்பட வேண்டும். நம் மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும். கல்லூரி மாணவர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் ஒருகாலத்தில் ஆடிய, பாடிய பாட்டிகள் இருந்தால், அவர்கள் சொல்வதை இந்த விடுமுறையிலேயே கைபேசியில் பதிவுசெய்து வையுங்கள்.