ஆடிக்கு முன்னால் ஒரு சித்திரை

ஆடி பிறந்துவிட்டால் நம் இலக்கிய நண்பர்கள் சிலருக்கு அந்தியூர் நினைவு வந்துவிடும். புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழா, அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை. பேருந்து பிடித்துப் போவார்கள். இரண்டு மணி நேரம் சுற்றுவார்கள். திரும்பி வந்து ஒரு கட்டுரை எழுதுவார்கள். திப்பு சுல்தான் காலத்துச் சந்தை என்ற செவிவழிச் செய்தி அதில் இருக்கும். மேளத்துக்கு ஆடும் குதிரை இருக்கும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர் இருப்பார். இத்தனை லட்சம் என்று ஒரு விலையும், தமிழர் மரபு இன்னும் சாகவில்லை என்று ஒரு பெருமூச்சும் கடைசிப் பத்தியில் இருக்கும்.

எனக்கு இக்கட்டுரைகளோடு உடன்பாடில்லை. இவற்றில் சித்திரை மாதமே இல்லை என்பதுதான் என் முதன்மையான புகார்.

ஆடிக் காற்றில் எண்ணெய் மினுக்கத்தோடு நிற்கும் குதிரை, அதற்கு முன் ஒரு கோடையைக் கடந்து வந்திருக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. வளர்ந்த குதிரைக்குச் சாதாரண நாளில் முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயிலும் வேலையும் சேர்ந்தால் அது இரட்டிப்பாகும். மனிதனைப் போல உடல் முழுக்க வியர்க்கும் விலங்கு அது. வியர்வையோடு உப்பும் போகும். காய்ந்த தட்டைத் தின்று தண்ணீர் போதாமல் போனால் வயிறு கட்டிக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒரே இரவில் உயிர் போய்விடக்கூடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு வற்றிய மே மாதத்தில் அந்தத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமப்பவர் யார்? விடியுமுன் எழுந்து தொட்டியைக் கழுவி நிரப்பி, கொள்ளு ஊறவைத்து, வேம்பின் நிழல் நகர நகரக் குதிரையை மாற்றிக் கட்டுபவர் யார்? பெரும்பாலும் அதன் உரிமையாளர் அல்லர். கூலிக்கு வைத்த ஓர் ஆள். சந்தையில் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரும் அவரே. நம் கட்டுரைகளில் குதிரைக்குப் பெயர் உண்டு, அவருக்கு இல்லை.

அடுத்து, இந்த 'மரபு' என்ற சொல். அந்தியூரில் நாம் வியந்து நிற்கும் உயர்சாதிக் குதிரைகள் கத்தியவாரும் மார்வாரியும். ஒன்றின் பூர்வீகம் குஜராத், மற்றதன் பூர்வீகம் ராஜஸ்தான். அங்கீகாரம் பெற்ற இந்தியக் குதிரை இனங்களில் தமிழ்நாட்டுக்கென்று ஒன்றுமில்லை. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. குதிரை நமக்கு எப்போதுமே வந்த செல்வம்தான். கடல்வழியாக வந்த புரவிகளைப் பட்டினப்பாலையே சொல்கிறது.

வந்த குதிரையை நாம் எப்படி வைத்திருந்தோம்? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ எழுதியிருப்பது கசப்பானது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியாகின்றன. ஆண்டு முடிவில் மிகச் சிலவே மிஞ்சுகின்றன. லாடம் அடிக்கவும் பேணவும் தெரிந்தவர்கள் இல்லை. இறைச்சி சேர்த்து வேகவைத்த சோற்றைக் குதிரைக்குத் தருகிறார்கள் என்கிறார். வியாபாரிகளே அத்தகைய ஆட்களை வரவிடுவதில்லை என்றும் சேர்க்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! பயணியின் மிகையைக் கழித்துவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. வாங்குவதில் நமக்கிருந்த வேகம் பேணுவதில் இருக்கவில்லை. மரபு என்று நாம் பெருமூச்சு விடும்போது இதையும் சேர்த்தே விட வேண்டும்.

நாய்களின் கதை இன்னும் மோசம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின் 'நாட்டு இனம்' என்பது ஒரு மந்திரமாகிவிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பட்டியல் ஒப்பிக்காத இளைஞரைக் கொங்கில் காண்பது அரிது. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் இப்பெயர்கள் ஒலித்தன. நல்லதுதான். ஆனால் ராஜபாளையத்தின் எந்த அழகுக்கு விலை தருகிறோம்? மாசற்ற வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த வெள்ளையையே தேடித்தேடி இணைசேர்த்ததன் விலையாகப் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் அவ்வினத்தில் பிறக்கின்றன. தோட்டங்காக்கும் நாய்க்குக் காது கேட்கவில்லை. நமக்கோ நிறம் போதும்.

இதே காலத்தில், 2024இலும் 2025இலும், காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றன. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் போராடினார்கள். அந்த நாய்களுக்கு இனப்பெயர் இல்லை, ஆகவே அவற்றுக்கு நம் கட்டுரைகளிலும் இடமில்லை. சாதி நாய்க்குக் குளிரூட்டிய அறை, சாதியற்ற நாய்க்குத் தெரு என்று பிரித்துவைத்துவிட்டு, தெரு கடித்ததும் திகைக்கிறோம். கிளுவை வேலிக்குள் இருந்த முந்நூறு ஆடுகளுக்கும் ஒரு சாதாரண நாட்டுநாய்க்கும் இருந்த ஒப்பந்தம் வேறு. மேய்ப்பவரின் சோற்றில் அதற்குப் பங்கு, தண்ணீர்த் தொட்டியடி ஈர மண்ணில் குழி பறித்துப் படுக்க அதற்கு உரிமை. அந்த ஒப்பந்தத்தில் தூய்மை என்ற சொல்லே கிடையாது.

அச்சொல்லை நான் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. கொங்கில் 'கலப்பில்லாதது' என்ற பெருமை மாட்டோடும் நாயோடும் நிற்பதில்லை. அதே வாய், அதே தொனியில், மனிதரைப் பற்றியும் அதைச் சொல்லும். கட்டுத்தறியில் பழகிய சொல் கல்யாண மேடைக்கு ஏறுவதற்கு வெகுநேரம் ஆகாது.

பெருமை இல்லாவிட்டால் இனங்களே அழிந்துவிடும் என்று ஒரு பதில் வரும். அதில் உண்மை இருக்கிறது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012இல் இந்தியாவில் சுமார் 6.25 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019இல் அது 3.42 லட்சம். வண்டிக்குத் தேவை போனதும் குதிரையும் போயிற்று. எஞ்சியதைச் சந்தையும் பந்தயமும் கல்யாண ஊர்வலமும் காப்பாற்றுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் பெருமை குதிரையை வாங்க வைக்கும். அதற்கு உச்சி வெயிலில் தண்ணீர் காட்ட வைக்காது. அதற்குப் பழக்கம் வேண்டும், தினமும் செய்யப்படும் சலிப்பான வேலை வேண்டும், அவ்வேலையைச் செய்பவருக்குக் கௌரவமான கூலி வேண்டும்.

நம் இலக்கியத்துக்கு இது தெரியாததல்ல. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இலேயே கொங்கின் காட்டையும் தோட்டத்தையும் அலங்காரமில்லாமல் எழுதியது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' ஆட்டின் பின்னால் நடக்கும் பண்ணையச் சிறுவனின் வெயிலை எழுதியது. இவற்றை 'மண்வாசனை' என்று முத்திரை குத்தி அலமாரியில் வைத்துவிட்டு, சந்தைக்குப் போய் விலை கேட்டுக்கொண்டு திரும்புகிறோம். வாசித்தது நம் கண்ணில் இறங்கவேயில்லை.

ஆகவே நண்பர்களே, அந்தியூர் பற்றி எழுதுங்கள். ஆனால் அடுத்த முறை ஆடியில் போகாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கு, சந்தை இல்லாத ஒரு நாளில் போங்கள். ஏதோ ஒரு தோட்டத்தில் ஒரு குதிரை நின்றிருக்கும், அதன் நிழலில் பெயரில்லாத நாயொன்று நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருக்கும், ஒருவர் குடத்தோடு வந்துகொண்டிருப்பார். குதிரையின் விலையைக் கேட்காதீர்கள். அவர் பெயரைக் கேளுங்கள். இன்னொரு குடம் இருந்தால் அதை நீங்கள் தூக்குங்கள். கட்டுரையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.