துறைத் தொட்டியில் எதை நடுவது?

தாவரவியல் துறைக்குப் பின்புறம் பத்தடி நீளச் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டி முடிந்திருக்கிறது. அதில் எதை வளர்ப்பது என்பதே இப்போது எங்கள் வகுப்பில் பேச்சு. நண்பர் பலர் வெங்காயத்தாமரை வேண்டும் என்கின்றனர். அது மண் கேட்காது, உரம் கேட்காது, ஊதா நிறத்தில் கொத்தாகப் பூக்கும் என்பது அவர்கள் வாதம். பூ அழகுதான், மறுக்கவில்லை. ஆயினும் அது கூடவே கூடாது என்பது என் கருத்து.

தென் அமெரிக்காவில் தோன்றிய இச்செடி அழகுக்காகவே பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. வங்காளத்தில் ஆறும் வாய்க்காலும் அடைபட்டு, 1936-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. வெயிலும் சத்துள்ள நீரும் கிடைத்தால் இரண்டே வாரத்தில் இருமடங்காகும். ஐப்பசி மழையில் நம் தொட்டி வழிந்தால் அந்நீர் சாலையோர ஓடை வழியே ஏரிக்குத்தானே போகும்? ஏரிப் பாசனத்தை நம்பிக் குத்தகை நிலம் உழும் குடும்பம் எங்களுடையது. எங்கள் ஊர் மதகை அடைக்கும் இச்செடியை இழுத்துப் போட, ஆண்டுதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் நீரில் இறங்குகிறார். (என் தந்தையிடம் இதன் பூவைக் காட்டி அழகு என்று சொல்லிப் பாருங்கள்!)

கொசுவும் உண்டு. யானைக்கால் நோயைப் பரப்பும் மான்சோனியாக் கொசுவின் புழு, மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வராது. இதன் வேரைத் துளைத்து அங்கேயே காற்றைப் பெறும்.

தாமரையா? அது கிழங்கோடித் தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். கோயில் குளத்துக்கே ஏற்றது.

அல்லியும் நெய்தலும் போதும். களிமண் நிரப்பிய சட்டியில் நட்டு நீருக்குள் இறக்கிவிடலாம். இலைகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடினால் சித்திரை வெயிலிலும் நீர் அதிகம் சூடாகாது; சூடான நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும் என்பது நாம் படித்ததுதான். அல்லி இரவில் மலர்வது, விடுதி மாணவர்க்கு. முதல் வகுப்புக்கு வருவோரும் அது கூம்புமுன் காணலாம். நெய்தல் பகலில் விரியும். இரண்டுக்கும் வெயில் வேண்டும். ஆகவே வேப்பமர நிழல் விழும் பக்கம் வேண்டாம். அடியில் வேலம்பாசி இருக்கட்டும். அதுவும் அளவு மீறும். அவ்வப்போது அரித்தெடுக்க வேண்டும். ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு அதைத் தேடி அலைவதாவது மிஞ்சும்.

கிழங்குக்குக் காசு தேவையில்லை. கோடையில் எங்கள் ஊர்க் குட்டை வற்றும்போது அல்லிக் கிழங்கைக் கையாலேயே தோண்டலாம். துறைத்தலைவர் இசைந்தால் ஒரு சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டு வருகிறேன்.