கல்யாணப் படத்துக்கு ஒரே அச்சா?

சித்தூர், திருப்பதிப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பது 'டெம்ப்ளேட்' வேலையாகி வருகிறது. பாட்டு, பூ வேலை, எழுத்து வரும் இடம், ஒரு படம் நிற்க வேண்டிய விநாடி எல்லாம் முன்கூட்டியே அமைந்த அச்சு அது. பெயரையும் தேதியையும் நிரப்பி, போட்டோக்களைக் கட்டங்களில் போட்டால் கம்ப்யூட்டரே படத்தைக் கோத்துத் தந்துவிடும். பட்டியல் ஒன்றைக் கொடுத்தால் நூறு கல்யாணத்துக்கு நூறு அழைப்பு வீடியோ தயார். முகூர்த்த மாதங்களில் இரவெல்லாம் கண் விழிக்கும் எடிட்டருக்கு இது வரப்பிரசாதம் என்பதை மறுப்பதற்கில்லை. வாட்ஸ்அப்பில் போகும் அரை நிமிட அழைப்புக்கு இது போதும்.

கல்யாணப் படத்துக்கே இந்த அச்சைப் பூட்டுவதுதான் நமக்குச் சம்மதமில்லை. அச்சை வார்த்தவர் எங்கோ இருப்பவர். குதிரை ஏறி வரும் வடநாட்டு மாப்பிள்ளைக்கு அதில் இடம் உண்டு. ஆந்திரத்தில் செய்தது என்றால் ஜீலகர்ர பெல்லத்துக்கும் தலம்ப்ராலுக்கும் கட்டம் இருக்கும். தாய்மாமன் சீருக்கும் ஊஞ்சலுக்கும் கட்டம் எங்கே? கட்டமில்லாத காட்சி கழிந்துவிடும். திருப்பதியில் தங்கை கல்யாணம். லீவு கிடைக்காத அண்ணன் துபாயில். அந்தப் படத்தில்தான் அவர் கல்யாணத்தையே பார்க்கிறார். அவர் கண் தேடுவது பன்னீர் தெளித்த அத்தையையும் பந்தியில் நின்ற சித்தப்பாவையும்தான். டிரோனில் எடுத்த மண்டபக் கூரையை அல்ல.

எழுத்தின் கதி இன்னும் பரிதாபம். 'செ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது. ஆனால் யூனிகோடு முறையில் 'ச' முதலில் பதிவாகும், கொம்பு பிறகு. அதை மாற்றிக் காட்டத் தெரியாத மென்பொருளில் 'செல்வி'யின் கொம்பு 'ச'வைத் தாண்டிப் போய் நிற்கும். தெலுங்குக் கூட்டெழுத்தும் இப்படித்தான் உடையும்; ஆனால் அதை இங்கே உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தமிழ் தெரியாத ஸ்டூடியோ பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 1953-ல் சித்தூர் ஆந்திரத்தோடு சேர்ந்தது. பள்ளியில் அவர்கள் படித்தது தெலுங்கு.

ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்வது நல்லது. பெயர் வரும் இடங்களைத் தமிழ் அறிந்த ஒருவர் பார்த்த பிறகே படம் முடிய வேண்டும். வெட்டாத முழு ஒளிப்பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். விட்டுப்போகக் கூடாத உறவினர் யார் யார் என்று எடிட்டரிடம் எழுதிக் கொடுத்து, தேடியெடுக்க அரை நாள் கூலி கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். அச்சு மிச்சப்படுத்திய நேரம்தான் அவரிடம் இருக்கிறதே!