வெள்ளி காட்டும் கரும்புள்ளி

மாங்காடு கோயில் தெருவில் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, புகையிலை என நான்கையும் கேட்டு வாங்கும் மூதாட்டியரை நாம் கண்டிருக்கிறோம். என் பாட்டியும் அவர்களுள் ஒருவர். கன்னத்தின் உட்புறம் வெண்படலம் படர்ந்தபோது, "சுண்ணாம்பு சுட்டுவிட்டது" என்றார், நாங்களும் நம்பினோம். பின்னர் சிறிது திசு எடுத்துச் சோதித்தார்கள். அப்போது எனக்கொரு வினா எழுந்தது: உயிரணுக்களைப் பார்த்து நோயின் தரத்தை எவ்வாறு சொல்லுகின்றனர்?

1920-இல் அமெரிக்க மருத்துவர் பிராடர்ஸ் உதட்டுப் புற்றுநோயை நான்கு தரங்களாகப் பிரித்தார். உயிரணு தன் இயல்பான உருவினின்று எவ்வளவு விலகியது என்பதே அளவுகோல். ஆயின் இருவர் பார்த்தால் இரு தரம் சொல்லக்கூடும். எனவே பெருகும் வேகத்தையும் எண்ணும் முயற்சி எழுந்தது. 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தார் அறிவித்த எதிர்ப்பொருள் கேஐ-67. பெருகும் உயிரணுவின் உட்கருவில் அது ஒட்டும், ஓய்ந்திருப்பதில் ஒட்டாது. நலமான வாயில் அடியடுக்குகளோடு நிற்கும் அந்நிறம், கேடு மிக மிக மேலடுக்குகளுக்கும் ஏறும்.

எதிர்ப்பொருளோ விலை மிகுந்தது. அதற்காகக் காத்திராமல் எளிய வெள்ளிச் சோதனையை நம் அரசு ஆய்வகங்கள் கைக்கொள்ளலாம் என்பது என் கருத்து. குளோரைடு சோதனைக்கு நாம் எடுக்கும் அதே சில்வர் நைட்ரேட்தான் (விரலில் பட்டால் கறை பல நாள் போகாது!). ஜெலட்டின், ஃபார்மிக் அமிலத்தோடு அதைத் திசுவின்மேல் இட்டால் நியூக்ளியோலஸ் அமைப்பிடங்கள் உட்கருவினுள் கரும்புள்ளிகளாகத் தெரியும். இதனை ஏஜிநார் என்பர். விரைந்து பெருகும் உயிரணுக்களில் புள்ளிகள் மிகும். வெங்காய வேர்நுனியில் பிரிவுநிலைகளை எண்ணிப் பழகிய நமக்கு இந்த எண்ணிக்கை புதிதன்று.

குறை இல்லாமலில்லை. வெப்பமும் நேரமும் மாறினால் புள்ளிகளும் மாறும். எனவே எல்லா ஆய்வகங்களும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். வெறும் அழற்சியிலும் உயிரணுக்கள் பெருகும். ஆகவே எண்ணிக்கையை மட்டும் நம்பி ஒருவரைப் புற்றுநோயாளி என்பது தவறு. வழக்கமான சாயத்தில் ஐயம் தோன்றும்போது இது இரண்டாம் சாட்சி; அவ்வளவே. 1954-இல் தோன்றிய அடையாறு மருத்துவமனைக்கு ஓடுமுன், அருகிலேயே அந்தச் சாட்சி கிடைத்தால் ஏழைக்கு எத்தனை நாள் மிச்சம்!

பாட்டிக்குப் புற்று இல்லை என்றார்கள். ஆனால் உயிரணுக்களில் மாற்றம் தொடங்கிவிட்டதாம். புகையிலையை விட்டுவிட்டார். பாக்கை விடவில்லை. பாக்கும் புற்றுநோய் தருவதே என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்டதை எடுத்துச் சொன்னேன். "படிச்ச பிள்ளை ஏதோ சொல்லுது" என்று சீவலை முந்தானையில் முடிந்துகொண்டார்.