எந்நேரத்து மின்சாரம்?

சென்ற தவணைத் தொடக்கத்தில் எம் கல்லூரியின் இளைய ஆசிரியர் ஒருவர் மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிவந்து வேப்பமர நிழலில் நிறுத்தினார். இடைவேளை மணி ஒலித்த மாத்திரத்தே ஆசிரியர் அறை வெறுமையாயிற்று. ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீற்றர் ஓடும், பற்றறி எத்தனை வருடந் தாங்கும், பழுதுற்றால் யாழ்ப்பாணத்தில் அதனைப் பார்க்கவல்லார் உளரோ என்று வினாக்கள் எழுந்தன. மழைவெள்ளத்தில் ஓட்டினால் மின்சாரம் தாக்காதோ என்றும் ஒருவர் கேட்டார். எல்லாரும் கேட்டு ஓய்ந்தபின் நாம் ஒன்று கேட்டோம்: "தம்பி, எந்நேரத்தில் மின்னேற்றுகின்றீர்?" அவர் சிரித்துக்கொண்டே, "பின்னேர வகுப்பு முடிஞ்சு ஏழு மணிக்கு வீட்டை போனவுடனை போட்டுவிடுவன் ஐயா. விடிய எடுத்தால் சரி" என்றார்.

அவ்விடை எம் மனத்தை விட்டு அகலாமையினாலேயே இவ்வாரம் இதுபற்றி எழுதத் துணிந்தோம்.

மின்சார வண்டியை நம்மவர் ஐயுறுகின்றனர் என்றும், அவ்வையம் அறியாமையின் விளைவு என்றும் கொழும்பிலிருந்து கருத்துரைப்போர் சிலர் கூறுவர். இஃது உண்மையன்று. நம்மவரின் ஐயம் பட்டறிவின் விளைவு. 1990 ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்துச் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த விளக்கிலேதான் நாம் நன்னூல் படித்தோம். சயிக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுழற்றி, தைனமோவிற் பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டோம். சில துளி பெற்றோலால் எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய மோட்டார் வண்டிகளின் புகைநாற்றம் இன்றும் நினைவிலுண்டு. 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபொழுது, இந்நாட்டின் பிற பகுதியார்க்குப் புதிதாய்த் தோன்றிய துன்பம் நமக்குப் பழையதாயிற்று. அன்று மீண்டும் சயிக்கிள் ஏறினோம், வெட்கப்பட்டோமில்லை.

இனி, மின்கார்களும் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. 2014, 2015 ஆம் ஆண்டுகளில், தீர்வை குறைந்திருந்தமையால், யப்பானில் ஓடிய மின்கார்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. குளிர்நாட்டில் நன்கு உழைத்த பற்றறி, அதனைக் குளிர்விக்குந் தனியமைப்பு இல்லாமையால், நம் வெயிலில் விரைந்து தளர்ந்தது. வாங்கியவர் சிலர் சில ஆண்டுகளிலேயே முன்னர் ஓடிய தூரத்திற் பாதியும் ஓடவில்லையென்று வருந்தினர். பின்னர்த் தீர்வையும் ஏறியது. 2020 இல் வாகன இறக்குமதியே நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபொழுது வந்த புதிய மின்கார்களின் பற்றறிகள் முன்னையவற்றினும் பலபடி மேலானவை; ஆயினும் சூடுகண்ட பூனையை அடுப்பங்கரைக்கு அழைப்பது எளிதன்று. பற்றறி பற்றிக் கேட்பவரை நாம் குறைகூறமாட்டோம்.

ஆனால் நம்மவர் கேளாதொழிந்த வினா ஒன்று உண்டு. வண்டிக்குள் ஏறும் மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பதே அது. இதனை யாழ்ப்பாணத்தார் கேளாதிருத்தல் வியப்பிற்குரியது. ஏனெனில் மின்சாரத்தின் விலையை நம் கிணறுகள் கொடுத்திருக்கின்றன. ஆறில்லாத ஊர் நமது. சுண்ணக்கல்லின் கீழ் ஊறும் நன்னீரையே நெடுங்காலம் நாம் பெரிதும் நம்பியிருந்தோம். சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து மின்சாரம் ஆக்கிய இடத்தின் கழிவெண்ணெய் மண்ணில் இறங்கி அயற்கிணறுகளிற் படர்ந்தது. வாளியில் எண்ணெய் மிதக்கக் கண்ட இல்லத்தரசியர், தண்ணீர் இருந்தும் குடிக்க வழியின்றி, வண்டியில் வரும் நீருக்குக் குடத்தோடு காத்துநின்றனர். 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்த்தது. தீர்ப்பு வந்தது நன்றே. எண்ணெய் ஊறிய மண்ணைத் தீர்ப்பு கழுவாது.

நுரைச்சோலை அனல் நிலையம் 900 மெகாவாற்று வலுவுடையது. அதற்கு வேண்டிய நிலக்கரி முழுவதும் கப்பலில் வருவது; அதன் சாம்பலை அறிந்தவர் கற்பிட்டிக் கரையார். மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 2020 இறுதியில் திறந்து வைக்கப்பட்டன. புகையில்லை, கரியில்லை. எனினும் மேலும் ஆலைகள் நிறுவ முற்பட்டபொழுது, 2025 ஆவணியில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். மழைவெள்ளம் வடியும் வழி அடைபட்டதென்றும், மீன்வரவு குறைந்ததென்றும், வலசை வரும் பறவைகளுக்கு இடையூறென்றும் அவர்கள் முறையிட்டனர். அவற்றுள் எது எவ்வளவு மெய் என்பதை ஆராய்தல் அறிஞர் கடன். ஆயினும் அவர்களைப் பசுமையின் பகைவர் என்றல் தகாது. தம்மைக் கேளாது தம் முற்றத்தில் ஒன்றை நாட்டினால் எவரும் கேட்பர்.

இவ்வளவுங் கூறியது மின்சார வண்டி வேண்டாவென்பதற்கன்று. எரிந்த பெற்றோலின் வலுவிற் காற்பங்கோ சற்றுக் கூடவோதான் சில்லைச் சேர்கின்றது. எஞ்சியது வெப்பமாய்க் கழிகின்றது. மின்மோட்டாரோ பற்றறியிலிருந்து பெறுவதில் ஐந்தில் நான்கு பங்கிற்குக் குறையாமற் சில்லுக்குக் கொடுக்கின்றது. இந்நலனை மறுப்பாரில்லை. எம் வினா நேரம் பற்றியது.

2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் அற்றது. பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே காரணமென்று அமைச்சர் உரைத்தார், நாடே நகைத்தது. அன்று விடுமுறையாதலின் மின்தேவை குறைந்திருந்ததும், கூரைகளின் மேலுள்ள சூரியத் தகடுகளின் மின்சாரம் மிகுந்திருந்ததும், சமநிலை எளிதிற் குலையக் காரணமாயின என்பது பின்னர் விளங்கியது. இரண்டு மாதங் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பகல்வேளையில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. சூரியன் அள்ளிக் கொடுத்ததைக் கொள்ளக் கலமின்றி வேண்டாவென்றோம். அதே நாட்டில், பொழுது பட்டு எல்லா வீட்டிலும் விளக்கேறும் நேரத்தில், தட்டுப்பாட்டை ஈடுசெய்ய எண்ணெய் எரிக்கின்றோம். எம் இளைய ஆசிரியர் ஏழு மணிக்குத் தம் ஸ்கூட்டரைப் பொருத்துகின்றார். அவர் பெற்றோலை விட்டார். எண்ணெய் அவரை விடவில்லை.

இதில் அவர் பிழை சிறிது. நேரத்திற்கேற்ற கட்டணமுறையை நம் நாட்டில் வீடுகளுக்கு வகுத்தபொழுது, இரவு பத்தரைக்குப் பிந்திய மின்சாரமே மலிவென்று வைத்தனர். அந்நாளில் அது பொருத்தமே. சூரியத் தகடுகள் அன்று அரியன. நண்பகல் மின்சாரம் மிகையாகிவிட்ட பின், அதனை மலிவாக்கி மக்களை அதன்பால் ஈர்த்தல் ஆள்வோர் கடமை. பகலில் வண்டி வீட்டிலிராதே என்பீர். மெய்தான். அது பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் சந்தை வாசலிலும் நிற்கின்றது. ஆசிரியரின் வண்டி காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரை வரை அசைவதில்லை. வெயில் ஏறி உச்சிக்கு வரும் வேளையும் அதுவே. மின்னேற்றும் இடங்களைப் பெருந்தெருவோரத்து எண்ணெய் நிலையங்கள் போல அமைக்க எண்ணுகின்றனரேயன்றி, வண்டிகள் பகல்முழுதும் உறங்கும் இடங்களை எவரும் எண்ணிற்றிலர்.

இதனை அதிபரிடம் எடுத்துரைத்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கறன்ற் பில்லை ஆர் கட்டுறது பண்டிதர் ஐயா?" என்றார். நியாயமான வினா. சிறிய மீற்றர் ஒன்றைத் தனியே பொருத்தி, ஏற்றிய அலகுக்கு மாதமுடிவிற் காசு கட்டுவதென முடிவாயிற்று. மீற்றரும் வயரும் வாங்கிய செலவை அவ்விளைஞரும் நாமும் பகிர்ந்துகொண்டோம். இன்று வேப்பமரத்தடியில் இரண்டு ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. மூன்றாவது வந்தால் நிழல் போதாதென்று காவலாளி முறையிடுகின்றார்.