சான்றிதழுக்கு விலை உண்டு; விசுவாசத்துக்கு?

நந்தனம் அரசு கலைக் கல்லூரியிலும், அடுத்த மெட்ரோ நிறுத்தமான சைதாப்பேட்டையின் எம்.சி. ராஜா மாணவர் விடுதியிலும் கணினி அறிவியல் பயிலும் நம் தோழர்கள் ஓயாமல் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: எந்தச் சான்றிதழ் பெற்றால் ஐ.டி. வேலை கிடைக்கும்? நியாயமான கேள்விதான். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் மட்டும் 300 டாலர். நம் பணத்தில் இருபத்தைந்தாயிரம் ரூபாயைத் தாண்டும். மூன்று ஆண்டுகளில் அது காலாவதியாகிவிடும். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும், நந்தனத்தை ஒட்டிய செனடாப் சாலையில் இயங்கும் தாட்கோவின் இலவசப் பயிற்சிகளும் இச்சுமையை ஓரளவு குறைக்கின்றன. கூலி வேலையில் ஓடும் குடும்பத்துக்கு மீதிச் சுமையும் பெரிதே.

அத்தாளுக்கு மதிப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆதிக்கச் சாதிப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. ஆனால், தில்லி வட்டாரத்தில் இதே முறையில் நடந்து 2009இல் வெளியான மற்றோர் ஆய்வு, மென்பொருள் வேலைகளில் முதல் அழைப்புக் கட்டத்தில் குறிப்பிடத்தக்க சாதிப் பாகுபாட்டைக் காணவில்லை. இம்முடிவு நமக்கு உவப்பானதா என்பதைவிட, அது எதைச் சுட்டுகிறது என்பதே முக்கியம். எண்ணிப் பார்க்கக்கூடிய திறன் கேட்கப்படும் இடத்தில் காகிதம் ஓரளவு பேசுகிறது. காகிதம் பேசி முடித்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

நேர்காணல் அறைக்குள் என்ன நடக்கிறது? சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007இல் எழுதினார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்று சொன்ன அதே மேலாளர்கள், ‘குடும்பப் பின்னணி’யைக் கேட்டறிவதையும் இயல்பான நடைமுறையாகவே விவரித்தனர். அப்பா என்ன வேலை, எந்த ஊர் என்ற கேள்விகளுக்கு எந்தச் சான்றிதழும் விடை அளிக்காது. சில வேளைகளில் சான்றிதழே எதிராகத் திரும்புகிறது. சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை தொடுத்த வழக்கை நினைவுகூர்வோம். ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தினார், பின்னர் வாய்ப்புகள் மறுக்கப்பட்டன என்பது தலித் பொறியாளர் ஒருவர் சார்பிலான குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. 2023இல் இரு மேலாளர்கள் மீதான பகுதி கைவிடப்பட்டு, நிறுவனத்தின் மீதான வழக்கு மட்டும் தொடர்ந்தது. நம் மாணவர்கள் கடன் வாங்கிப் பெறும் சி.சி.என்.ஏ. சான்றிதழை வழங்குவதும் அதே நிறுவனம்தான்.

அடுத்து விசுவாசம். வேலையில் நீடித்தல், இரவுப் பணிக்கு மறுப்புச் சொல்லாமை, சம்பளம் குறித்து வாய் திறவாமை ஆகியவற்றுக்கு வைக்கப்பட்ட அழகான பெயர் அது. டி.சி.எஸ். நிறுவனத்தின் 2014–15 ஆட்குறைப்பில் வேலை இழந்த ஒருவர் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஏழு ஆண்டுகள் போராடினார். அவர் மேலாளர் நிலையில் இருந்தவர், எனவே ‘தொழிலாளர்’ அல்லர் என்பது நிறுவனத்தின் வாதம். பதவிப் பெயரைவிட அவர் உண்மையில் செய்த தொழில்நுட்பப் பணியே முக்கியம் எனக் கொண்டு, அவரை மீண்டும் பணியில் அமர்த்த 2022இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூலையில் அதே நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, இலக்கானவர்கள் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்கள். அதாவது, நீடித்து உழைத்தவர்கள். சொல்லப்பட்ட காரணம் திறன் பொருந்தாமை. அதற்கு முந்தைய மாதம்தான், திட்டப்பணி ஒதுக்கப்படாமல் ஓர் ஆண்டில் 35 நாள்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்திருந்தது.

திட்டப்பணியை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுப்பவர் யார்? வேறு பிரிவில் மாமாவோ, கல்லூரி மூத்தவரோ இருக்கும் ஊழியருக்கு 35 நாள் போதுமானது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்தத் தொலைபேசி எண் கிடையாது. விசுவாசத்தை அளக்கும் கோல் எழுதப்படாத வரை, அது பழகிய முகத்தையே விசுவாசமானதாகக் காணும். பழகிய முகம் எந்தச் சாதியினுடையது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. நிறுவனம் விரும்பும் விசுவாசமோ ஒப்பந்தத்திலேயே எழுதப்படுகிறது. விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கியைப் பற்றிய தீர்ப்பு என்றாலும், தனியார் நிறுவனங்கள் அதை மேற்கோள் காட்டத் தயங்கமாட்டா.

தனியார் துறை இடஒதுக்கீடு என்ற நம் கோரிக்கை பணி நியமனத்தோடு நின்றுவிடக் கூடாது. திட்டப்பணி ஒதுக்கீடு, ஆண்டு மதிப்பீடு, ஆட்குறைப்பு ஆகிய மூன்றிலும் சாதிவாரியான விவரங்கள் வெளியிடப்பட வேண்டும். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழ்நாடு அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. படிக்கும்போதே சான்றிதழ்களுக்குத் தயாராகும் தோழர்கள், வேலையில் சேர்ந்த முதல் மாதமே சங்கத்திலும் சேரலாம். செய்த பணியின் விவரத்தையும், மதிப்பீட்டு அறிக்கைகளையும் தேதியோடு தம் வசம் குறித்துவைக்கலாம். நீதிமன்றத்தில் பதவிப் பெயருக்கு எதிராக நிறுத்த, செய்த வேலைக்கான சான்று கையில் இருக்க வேண்டும்.